வலிக்குச் சாட்சி யார்?

சான்றின்றி எதையும் ஏற்கோம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். நன்று! ஆனால் ஒருவன் நம் எதிரே நின்று, "வலிக்கிறது" என்கிறான். காயமில்லை, காய்ச்சலில்லை, எக்ஸ்ரே படத்தில் எலும்பும் பழுதின்றித் தெரிகிறது. சான்று காட்டு என்போமா அவனிடம்? தன் சொல்லைத் தவிர அவனிடம் வேறென்ன உண்டு? பகுத்தறிவாளருக்கு இதனினும் கடிய கேள்விகள் பலவில்லை.

சொல்லவும் இயலாதவரின் கதி என்ன? 1985-ஆம் ஆண்டில், அமெரிக்கத் தலைநகரில், குறைமாதத்தில் பிறந்த குழந்தையொன்றின் நெஞ்சைத் திறந்து அறுவை மருத்துவம் செய்தனர். அசையாதிருக்க மருந்து தந்தனர். வலி தெரியாதிருக்க மருந்து தந்தாரில்லை. கொடியவர்களா? அல்லர், கற்றவர்கள்! பச்சிளங் குழந்தையின் நரம்பு முதிரவில்லை, அதற்கு வலி தெரியாது என்று பாடம் படித்தவர்கள். மயக்க மருந்தை அச்சிற்றுடல் தாங்காது என்று அஞ்சியவர்கள். கேட்பாரில்லையெனில் புராணம் மட்டுமன்று, பாடநூலும் ஏமாற்றும். சில வாரங்களில் அக்குழந்தை மாண்டது. மறு ஆண்டு அதன் தாய் ஊரறியப் பேசிய பிறகே நடந்தது உலகுக்குத் தெரிந்தது.

அதே காலத்தில் ஒருவர் சான்று தேடிக்கொண்டிருந்தார். இந்தியாவில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்ஃபோர்டு சென்ற கன்வல்ஜீத் ஆனந்த், அறுவைக்கு உள்ளான குறைமாதக் குழந்தைகளின் குருதியை ஆராய்ந்தார். ஃபென்டானில் என்னும் வலிநீக்கி பெறாத குழந்தைகளின் குருதியில், உடல் துன்புறுகையில் சுரக்கும் ஹார்மோன்கள் பெருகி நின்றன. பெற்ற குழந்தைகளிடம் அவை அடங்கியிருந்தன. வாய் பேசாததைக் குருதி பேசிற்று! முனைவர் பட்டம் பெற்றார், அத்துடன் நின்றாரில்லை. பாஸ்டனில், பட்டத்திற்குப் பிந்தைய பயிற்சியாளராய், மீண்டும் மாணவராய் அமர்ந்தார். அங்கே மயக்கவியல் வல்லுநர் பால் ஹிக்கியுடன் சேர்ந்து 1987-ல் அவர் எழுதிய கட்டுரை, பழைய பாடத்தைப் பொய்யாக்கிற்று.

பட்டம் பெற்றபின்னும் பயிற்சியா என்று நகைப்போர் உண்டு. வலியாய்வில் அப்பயிற்சியே உயிர்நாடி. நரம்பியலார் உளவியலாரிடம் பாடங்கேட்க வேண்டும். உளவியலார் செவிலியரிடம் கேட்க வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் சியாட்டிலில் ஜான் பொனிகா வலி மருத்துவ நிலையம் கண்டபோது, அறுவை மருத்துவரும் செவிலியரும் ஒன்றாயிருந்து நோயாளியை ஆராய்ந்தனர். 1965-ல் உளவியலார் மெல்சாக்கும் உடலியலார் வாலும் சேர்ந்தே, தண்டுவடத்தில் வலிக்கு ஒரு வாயில் உண்டு, அச்சமும் கவனமும் கூட அதைத் திறக்கவும் அடைக்கவும் செய்யும் என்ற கோட்பாட்டை வகுத்தனர். அதன் நுணுக்கங்கள் பின்னர்த் திருத்தப்பட்டன. எனினும், படத்தில் ஒன்றுமில்லை, ஆகவே வலியுமில்லை என்ற வாதம் அன்றே நொறுங்கிற்று. தனித்துறைக்காரர் தம் கருவிக்கு எட்டாததைப் பொய்யென்பார். மற்றொரு துறையில் மாணவராய் இருந்தவரோ, அவ்வளவு எளிதில் அச்சொல்லைச் சொல்லத் துணியார்.

சொல்லை நம்பியதால்தானே அமெரிக்கா அபினி வகை மருந்தில் மூழ்கிற்று என்று கேட்பீர்கள். நேர்மையான கேள்வி. 1999 முதல் 2020 வரை அவ்வகைப் பொருள்களால் அந்நாட்டில் மாண்டோர் ஐந்து இலட்சத்துக்கும் மேல். ஆனால் தொடக்கத்தில் மருத்துவர் யாரை நம்பினர்? 1996-ல் சந்தைக்கு வந்த ஆக்ஸிகான்டின் எளிதில் அடிமைப்படுத்தாது என்று விற்ற நிறுவனம், அது பொய்யுரை என்று 2007-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. வலிக்கிறது என்பதை ஏற்க, வலிப்பவன் சொல் போதும். இம்மாத்திரை தீர்க்கும் என்பதற்கோ, அணுவளவும் குறையாத சான்று வேண்டும். நம் ஐயத்தை வணிகன்பால் திருப்பாமல் நோயாளிமேல் பாய்ச்சுவது என்ன பகுத்தறிவு?

இன்னும் ஒன்று. அமெரிக்காவில் வெள்ளை இன மருத்துவ மாணவர், பயிற்சி மருத்துவர் 222 பேரிடம் நடத்திய ஆய்வு 2016-ல் வெளிவந்தது. கறுப்பரின் தோல் தடித்தது என்பன போன்ற பொய்களுள் ஒன்றையேனும் ஏறத்தாழப் பாதிப்பேர் மெய்யென ஏற்றனர். அவ்வாறு ஏற்றோர் கறுப்பரின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டனர். இப்பொய்யை எந்த நுண்ணோக்கி காட்டும்? வலி பயில்வோரின் மேசையில் வரலாறு கற்றவருக்கும் ஓர் இருக்கை போட்டாக வேண்டும்.