உதிர்ந்த கனி யாருக்குரியது?

சென்ற பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கம்போங் பெத்தாவுக்குப் பிரயாணம் போயிருந்தோம். பாலோவிலிருந்து குளுவாங், அங்கிருந்து கஹாங், அதற்கப்பால் ஏறக்குறைய 56 கிலோமீட்டர் மண் பாதை. பாதிக்கு மேல் செம்பனை. பார்த்துப் பார்த்துக் கண் சலித்துப் போகும். வழியில் இருட்டிவிட்டபடியால், அங்கே நின்ற மண்டோரிடம் சொல்லிவிட்டுத் தோட்டத்து ஓரமாகக் கூடாரம் அடித்தோம்.

அடுப்பு பற்றவில்லை, விறகெல்லாம் ஈரம். என் தங்கை மகன் போய் மரத்தடியில் கிடந்த உதிரிப் பழங்களை அரைச் சாக்கு பொறுக்கி வந்தான். எண்ணெய்ப் பசை உள்ளதல்லவா, நன்றாய்ப் பிடித்து எரிந்தது. "யாரைக் கேட்டு எடுத்தாய்?" என்றேன். "கீழே விழுந்து கிடந்ததுதானே, மாமா!" என்றான். அந்நேரத்தில் எனக்கும் அது பதிலாகத்தான் பட்டது.

விடிந்ததும் வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் சாக்கோடு வந்தார். மரத்தடியைப் பார்த்தார், எங்கள் சாக்கைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. உதிரி பொறுக்குவதே அவர் வேலை, மூட்டைக் கணக்கில் கூலி. மீதியை அவர் சாக்கிலேயே கொட்டச் செய்தேன். எரிந்து போனதற்கு என்ன செய்வது?

விழுந்தது வீணானது என்று நினைப்பது செம்பனையை அறியாதவர் பேச்சு. பழம் முற்றிப் பழுத்தால்தான் குலையைவிட்டுக் கழன்று விழும். எண்ணெய் நிறைந்த பழம் அதுவே. கீழே சில பழங்கள் கிடப்பதைக் கண்டுதான் குலையையே வெட்டுகிறார்கள். 1981-ல் காமரூன் நாட்டு வண்டு வந்து மகரந்த வேலையை ஏற்கும்வரை, பல தோட்டங்களில் ஆட்கள் பூவுக்குப் பூ கையால் தூவி வந்தார்கள். இத்தனை பாடுபட்ட பழம் விழுந்ததும் அநாதையாகிவிடுமா?

ஜைத்தூன் விளையும் நாடுகளில் வேறு வழக்கம் உண்டு. மரத்தை ஒரு முறை உதிர்த்தபின் கிளைகளில் மிஞ்சியதைத் திரும்பிப் பறிக்கக் கூடாது, அது அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியது என்று யூதர்களின் வேதம் விதித்தது. ஆறு கோடிக்கு மேல் ஜைத்தூன் மரங்கள் நிற்கும் ஸ்பெயினின் ஹாயேன் மாகாணத்திலும், அறுவடைக்குப்பின் மிஞ்சியதைப் பொறுக்கும் பழக்கம் இருக்கிறது. ஆனால் நிலத்துக்குரியவன் மனமறிந்து விட்டால்தான் அது மிச்சம். நாங்கள் எடுத்ததோ யாரும் விட்டதல்ல. ஒருவர் மறுநாள் பொறுக்க வேண்டியது.

நம் கடைகளிலும் இது உண்டு, சகோதரர்களே! அரிசி நிறுக்கும்போது தராசடியில் சிந்தும் மணி யாருடையது? பெருக்கி அள்ளி நம் மூட்டையிலேயே போட்டுக்கொள்கிறோம். வாங்கியவருக்கு எடை குறைந்ததா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? செம்பனை வாரியத்தின் உரிமமில்லாமல் பழம் வாங்கி விற்பது குற்றம் என்று தெரிந்தும், எங்கிருந்து வந்ததென்று கேளாமல் அரை மூட்டை வாங்கிப் போடுகிறவர்களும் உண்டல்லவா? அவர்களும் என் மருமகன் சொன்னதைத்தான் சொல்வார்கள்.

பழம் கம்பெனியுடையது, நஷ்டமோ தொழிலாளியின் கூலியில். யாருக்குக் கொடுத்தால் கடன் தீரும்? கம்பெனிக்கு ஐந்து வெள்ளியை எந்தக் கணக்கில் கட்டுவது? தொழிலாளியிடம் நீட்டினேன். அவர் வாங்க மறுத்தார். மண்டோர் கண்டால் பழத்தை விற்றதாக நினைப்பாராம். அந்த எண்ணம் எனக்கு ஓடவேயில்லை. மண்டோரைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "டவுக்கே, இதற்கா வந்தீர்கள்?" என்றார்.

ஐந்து வெள்ளி இன்னும் என் மேசை அறையில் தனியே கிடக்கிறது.