துலக்கிய விளக்கு

முதலாம் உலகப் போரின்போது ஜேர்மனிக்கு மண்ணெண்ணெய் வருவது தடைப்பட்டது. அந்தத் தட்டுப்பாட்டில்தான் காபைட் மேசை விளக்குகள் அங்கே வீடுகளுக்குள் புகுந்தன. சுரங்கத்திலும் துவிச்சக்கர வண்டியிலும் எரிந்த அதே பொறிமுறை: மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கல்சியம் காபைட். தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ அசற்றலீன் வாயு எழும், வெண்சுடர் பிறக்கும், நீறிய சுண்ணாம்பு எஞ்சும். மாங்காயை அவசரமாகப் பழுக்க வைப்போரின் கைகளில் நாம் கண்ட கல்லும் இதுவே. அந்த வெள்ளைப்பூடு வாடையைப் பலர் அறிவர்.

இவ்விளக்குகளைத் தேடி வாங்கிச் செப்பனிடுவோர் இன்றும் இருக்கின்றனர். எதுவரை திருத்தினால் அது பழைய விளக்காகவே இருக்கும்? பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பலைப் பற்றி புளுட்டாக் எழுதிய புதிரை இவ்விடத்தில் நினைவூட்டுவார்கள். அது இங்கே அவ்வளவாகப் பொருந்தாது என்றே எனக்குத் தோன்றுகிறது. றப்பர் வளையமும் சுடர் எழும் மாக்கல் முனையும் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றை மாற்றுபவர், அன்றைய வீட்டுக்காரர் செய்ததையே செய்கிறார். உள்ளே இறுகிய சுண்ணாம்பை வினாகிரியால் கரைப்பதும் அப்படித்தான்.

பொய் நுழைவது மேற்பரப்பில். பித்தளையில் செய்து நிக்கல் முலாம் பூசிய விளக்கை எடுத்து, முலாத்தைச் சுரண்டிப் பொன்போல மினுக்கிவிடுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்த விளக்கு தொழிற்சாலையிலிருந்து அந்த நிறத்தில் வெளிவரவேயில்லை. நூறாண்டுப் பழைமை என்று விலை சொல்லப்படும் பொருளின் முகம் சென்ற கிழமை உண்டானது. மின்குமிழ் பொருத்துவதற்காகத் தண்ணீர் அறையைத் துளைப்போரும் உளர். அவர்களைப்பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

ஜோன் றஸ்கின் 1849இல் எழுதிய ‘கட்டிடக்கலையின் ஏழு விளக்குகள்’ நூலில், புனரமைப்பையே ஒரு பொய் என்று கண்டித்தார். கட்டிடங்களை மனங்கொண்டு சொன்னது. விளக்கிலும் அதை அப்படியே கைக்கொண்டால் அது துருப்பிடித்து அழியும். 1964ஆம் ஆண்டின் வெனிஸ் பட்டயம் இதைவிட உதவுகிறது: ஊகம் தொடங்குமிடத்தில் கை நிற்க வேண்டும், புதிதாகச் சேர்த்தது மூலத்திலிருந்து பிரித்தறியத்தக்கதாய் இருக்க வேண்டும்.

இது இரசனை பற்றிய சர்ச்சை மட்டுமன்று. அசற்றலீன் தூய செம்போடு நெடுநாள் கலந்திருந்தால் வெடிக்கும் தன்மையுள்ள சேர்வை உண்டாகும். உடைந்த குழாய்க்குப் பதிலாகச் செப்புக் குழாயைப் பற்றவைத்து, மேலே நிறம் பூசி மறைத்து விற்பவர், தாம் ஒருநாளும் காணப்போகாத ஒருவரின் மேசையில் ஆபத்தை வைத்துவிட்டுப் போகிறார். அலங்காரத்துக்குத்தானே, யார் எரிக்கப்போகிறார்கள் என்பது அவர் வாதம். விளக்கை வாங்கியவர் ஒருநாள் அதை ஏற்றிப் பார்க்கமாட்டாரா?

நெளிவு நெளிவாகவே இருக்கட்டும். எந்தெந்தப் பாகங்கள் மாற்றப்பட்டன என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி விளக்கோடு கொடுக்கலாம். வாங்க வருபவர் அதைப் படித்துவிட்டு விலையைக் குறைத்துக் கேட்கக்கூடும். கேட்கட்டும்.