யானை செய்த விசிறி



பாலக்காட்டு முதலமடையில் மாமரங்கள் பிஞ்சு விட்டிருந்த நாளில், தோப்புக் காவலர் ஒருவர் முறிந்த கிளையொன்றை எமக்குக் காட்டினார். பரம்பிக்குளத்துக் காட்டிலிருந்து இரவில் இறங்கிய யானை போட்டுச் சென்றது. அடியில் தழை உரிக்கப்பட்டு, நுனியில் மட்டும் ஒரு கொத்து எஞ்சியிருந்தது. "தின்ற மிச்சமா ஐயா, ஈ ஓட்டியதா?" என வினவினார். உறுதியாய்ச் சொல்ல இயலவில்லை. ஆயினும் அது வீண் வினாவன்று.

கருநாடகத்து நாகரகொளை வனத்தில் வளர்ப்பு யானைகள் 13-க்கு, விசிறுதற்கு ஆகாத நெடிய கிளைகளை ஆய்வாளர் கொடுத்துப் பார்த்தனர். 8 யானைகள் அவற்றைத் திருத்திக்கொண்டன. முன்காலால் கிளையை மிதித்து, துதிக்கையால் பக்கக் கொம்பைப் பிய்த்து, வீசுதற்கு வாகானபின் ஈயை ஓட்டின. இஃது 2001-இல் வெளிவந்த செய்தி. அதற்கு முன்பே, 1960-இல், ஆப்பிரிக்காவின் கோம்பேக் காட்டில் சிம்பன்சிக் குரங்கு குச்சியின் இலையை உருவி, புற்றில் விட்டுக் கறையான் எடுத்துத் தின்றதை ஜேன் குடால் அம்மையார் கண்டார். கருவி செய்வோன் மனிதன் ஒருவனே என்னும் இலக்கணம் அன்றே முறிந்தது.

இவற்றைப் படித்தபோது என் ஆலை நாட்கள் நினைவுக்கு வந்தன. உருளையில் சுற்றிக்கொள்ளும் பஞ்சை விரலால் எடுத்தால் நகம் பிய்யும். மூங்கிலைச் சீவி ஒரு கொக்கி செய்தேன். மேஸ்திரி அதைப் பிடுங்கி எறிந்து, "மாட்டுக்கு எதற்கடா புத்தி?" என்றார். என்னை மாடென்றதற்கே நெடுங்காலம் வருந்தினேன். மாட்டுக்குப் புத்தியில்லையென்று அவரும் நானும் ஒருங்கே நம்பியிருந்ததை எண்ணிப் பார்த்தேனில்லை.

நம் அறநூலோர் அவ்வாறு நம்பவில்லை. கோசம்பியில் பிக்குகள் பிணங்கியபோது பகவன் அவர்களை நீங்கிப் பாரிலேயக வனத்தில் தங்கினார். அங்கே ஒரு யானை கிளையொடித்து இடம் பெருக்கியது. கட்டையைக் கடைந்து தீ உண்டாக்கிக் கற்களைச் சுடவைத்தது. அவற்றைத் தடியால் உருட்டிப் பாறைக்குழி நீரில் தள்ளி, துதிக்கையால் சூடு பார்த்த பின்னரே பகவனை நீராட அழைத்தது. இது தம்மபத உரைக்கதை. தீ மூட்டியதை மெய்யென யான் வற்புறுத்தேன். ஆனால் கிளை பிடித்த யானையைக் கண்ணாரக் கண்டவரே இக்கதையைக் கட்டியிருத்தல் வேண்டும். ஈக்கடியாகிய துன்பத்தை உணர்ந்து, அதன் காரணமறிந்து, நீங்கும் வழியைத் தன் துதிக்கையாலேயே செய்துகொள்ளும் உயிரை வேறெவ்வாறு சொல்வது?

காவலரிடம் இதனைக் கூறினேன். "வெடி போடாவிட்டால் தோப்பு போய்விடும் ஐயா, என் கூலியும் போய்விடும்" என்றார். அவர் சொல்லிலும் நியாயமுண்டு, மாங்காய் அவருடையதன்று. சற்று நேரம் பேசாதிருந்து, வெடியை வானோக்கி மட்டுமே விடுவதாகச் சொன்னார். அந்தக் கிளையை எறியாமல் குடிசைச் சுவரில் சாத்தி வைத்தார்.