பென்யமீனை அனுப்பிவிடு!



இந்த மாதச் செய்தியைப் பார்த்தவுடன், "என்ன பாஸ்டர், நீங்களே படத்தைப் பத்தி எழுதுறீங்களே!" என்று மூத்த விசுவாசிகள் சிலர் கேட்பார்கள். தாராளமாய்க் கேளுங்கள். தியேட்டர் வாசலை மிதிக்காமல் வாழ்ந்த நம்முடைய மூப்பர்களின் சாட்சியை நான் குறைத்துப் பேசவில்லை. நான் சொல்லப்போவது ஒரு மீன் கார்ட்டூன். விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளிடம், "உங்களுக்கு ரொம்பப் பிடித்த கதை எது?" என்று கேட்டேன். தாவீது, கோலியாத் என்று பதில் வரும் என்று பார்த்தால், பாதிப் பேர் "நீமோ" என்றார்கள்! சரி, எர்ணாவூர் பிள்ளைகள், கடலைப் பார்த்து வளர்கிறவர்கள்தானே என்று நானும் உட்கார்ந்து பார்த்தேன்.

'ஃபைண்டிங் நீமோ' 2003-ம் ஆண்டு அமெரிக்காவில் பிக்ஸார் நிறுவனத்தார் கம்ப்யூட்டரில் செய்த படம். மார்லின் என்று ஒரு சின்ன கோமாளி மீன். அதற்கு மனைவி, நானூறுக்கு மேல் முட்டைகள். ஒரு சீலா மீன் பாய்ந்து வருகிறது. கண் விழித்துப் பார்த்தால் மனைவியும் இல்லை, முட்டைகளும் இல்லை. மிஞ்சினது ஒரே ஒரு முட்டை. அதுதான் நீமோ. உனக்கு எதுவும் நடக்க விடமாட்டேன் என்று தகப்பன் அந்த முட்டைக்கு வாக்குக் கொடுக்கிறான்.

இதை வாசிக்கும்போதே வேதத்தில் யாராவது ஞாபகத்துக்கு வருகிறார்களா? எனக்கு யாக்கோபு வந்தார். பிரியமான ராகேல் வழியிலேயே மரித்துப்போனாள். அவள் பெற்ற யோசேப்பின் அங்கி இரத்தத்தில் தோய்ந்து வந்தது. மிஞ்சினது பென்யமீன் ஒருவன். ஆதியாகமம் 42-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பத்துப் பிள்ளைகளைத் தானியம் வாங்க எகிப்துக்கு அனுப்புகிறவர், பென்யமீனை மாத்திரம் அனுப்பவில்லை. அவனுக்கு மோசம் வந்துவிடும் என்ற பயம்.

அந்தப் பயத்தை நான் பரிகாசம் பண்ணமாட்டேன். பயப்படக் காரணமில்லாத ஊரில் நாம் குடியிருக்கவில்லை. 2004 டிசம்பர் 26, ஆராதனை நாளில் சுனாமி வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து நம்முடைய வீடுகளுக்குள் நுழைந்தது. முகத்துவாரத்தில் வலையும் படகும் கருத்துப்போயின. அதே மாதம் 26-ந்தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிந்து, தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கண்டெய்னர் லாரிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இங்கே ஒரு தாய் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்தால் அதற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் மார்லின் எப்படிப் பிள்ளையை இழந்தான் என்று கவனித்தீர்களா? பள்ளிக்கூடத்தின் முதல் நாள். அங்கேயும் பின்னாலேயே வந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்பாக, உன்னால் நீந்த முடியாது என்று திட்டுகிறான். ஒரு பக்கத்துச் செட்டை சிறுத்துப் பிறந்த பிள்ளை அது. ரோஷம் வந்து, ஆழத்தில் நின்ற படகைத் தொடப் போகிறது. முத்துக்குளிக்கிறவனைப் போல ஒருவன் இறங்கி அதைப் பிடித்துக்கொண்டு போய், சிட்னி நகரத்தில் ஒரு பல் டாக்டருடைய கண்ணாடித் தொட்டியில் போட்டுவிடுகிறான். காக்கிறேன் என்று திட்டின திட்டே பிள்ளையைத் தூரத் துரத்தியது!

யாக்கோபின் வீட்டில் நடந்ததைப் பாருங்கள். பென்யமீனை மடியில் வைத்துக்கொண்டிருந்த அந்த நாட்களெல்லாம் சிமியோன் எகிப்தில் காவலில் கிடந்தான். அவனும் பிள்ளைதானே? தானியமும் தீர்ந்துபோகிறது. அப்போது யூதா சொல்லுகிற வார்த்தை என் உள்ளத்தைக் குத்தியது. இவ்வளவு தாமதம் பண்ணாதிருந்தால் இதற்குள் இரண்டு தரம் போய்த் திரும்பியிருக்கலாமே என்கிறான் (ஆதி. 43:10). எத்தனை வீட்டில் இந்த இரண்டு தரம் வீணாய்ப் போனது!

நமக்குத் தெரிந்த ஒரு சகோதரி இருக்கிறார்கள். மூத்தவனை விரைவு சாலை விபத்தில் இழந்தவர்கள். இளையவனுக்குத் தூத்துக்குடியில் வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. அது பீரோவுக்குள் துணிக்கு அடியில் இருக்கிறது. "ஒருத்தனைப் பறிகொடுத்தது போதாதா ஐயா, இவனையும் அனுப்பணுமா?" என்று என்னிடம் அழுதார்கள். நான் உடனே வசனம் சொல்லவில்லை. கூட உட்கார்ந்து அழுதேன். பிள்ளையோ வாய் திறப்பதில்லை. அம்மா முகத்தைப் பார்க்கிறான், ரேஷன் கடைக்குப் போய் வருகிறான்.

படத்தில் மார்லின் மகனைத் தேடிப் போகும் வழியில் திமிங்கலத்தின் வாய்க்குள் அகப்படுகிறான். (யோனாவா? அது இன்னொரு மாதத்துக்குரிய செய்தி.) திமிங்கலத்தின் நாக்கைப் பிடித்துத் தொங்குகிறான். கூட வந்த டோரி என்ற மறதிக்கார நீல மீன், பிடியை விட்டுவிடு என்கிறது. ஆபத்து வராது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறான். தெரியாது என்கிறது டோரி! அப்படியும் விடுகிறான். திமிங்கலம் அவர்களைச் சிட்னி துறைமுகத்திலேயே ஊதித் தள்ளுகிறது.

இங்கேதான் அந்தக் கார்ட்டூனுக்கும் நமக்கும் வித்தியாசம், தேவ பிள்ளையே! டோரிக்குத் தெரியாது. யாக்கோபுக்கோ யாருடைய கையில் விடுகிறோம் என்று தெரிந்தது. சர்வவல்லமையுள்ள தேவனுடைய பேரைச் சொல்லி அனுப்புகிறார் (43:14). பிள்ளையற்றுப் போனாலும் போகட்டும் என்று நெஞ்சு உடைந்துதான் அனுப்புகிறார், தைரியசாலியாய் அல்ல. வெறுங்கையாயும் அனுப்பவில்லை. தேன், வாதுமைக்கொட்டை, இரட்டிப்பான பணம் எல்லாம் கட்டிக் கொடுத்தார். விசுவாசித்தால் டிபன் கட்டக்கூடாது என்று யார் சொன்னது?

பென்யமீனை விட்ட பிறகு என்ன நடந்தது? பென்யமீன் பிழைத்தான், சிமியோன் வெளியே வந்தான், செத்துப்போனான் என்று எண்ணின யோசேப்பும் கிடைத்தான்! யோசேப்பு அனுப்பின வண்டிகளைக் கண்டபோது கிழவனுடைய ஆவி உயிர்த்தது என்று 45:27-ல் இருக்கிறது. எழுப்புதல், எழுப்புதல் என்று ஜெபிக்கிறோமே, அல்லேலூயா, ஒரு வீட்டுக்குள் எழுப்புதல் வந்த விதம் இது.

படத்தின் கடைசியிலும் அப்படியே. டோரி இழுவை வலைக்குள் சிக்கிக்கொள்கிறது. காப்பாற்ற வழி தெரியும், உள்ளே போகிறேன் என்கிறான் நீமோ. மறுபடியும் மகனை இழப்பதா? தகப்பன் செட்டையைப் பிடித்துக்கொண்டு தவித்து, பிறகு விடுகிறான். நீமோ சொன்னபடி எல்லா மீனும் ஒருமனமாய்க் கீழ்நோக்கி நீந்த, வலை அறுந்து விழுகிறது. (நம் சபையில் வலைத்தொழில் செய்யும் சகோதரர்களுக்கு இந்தக் காட்சி பிடிக்காது!)

இந்த மாதம் மூன்றாம் வெள்ளி உபவாச ஜெபத்துக்குப் பெற்றோர் ஒவ்வொருவரும், அனுப்பப் பயந்து பிடித்து வைத்திருக்கிற பிள்ளையின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுவாருங்கள். படிப்போ, வேலையோ, கல்யாணமோ, ஊழியமோ, எதுவானாலும் சரி. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவன் தலையில் கை வைத்து ஜெபிக்கப்போவது ஊழியக்காரர் அல்ல, தகப்பனும் தாயும். நாங்கள் பின்னால் முழங்காலில் இருப்போம். வேலை ஆர்டர், ஹாஸ்டல் கடிதம் ஏதாவது பீரோவில் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். ஆமென்.