விழுந்தவருக்காக நிற்றல்



நம் பள்ளுருத்தி கடல்மட்டத்தை ஒட்டிய சமநிலம். மேற்கே சிறிது தொலைவில் கடல், கிழக்கே காயல். குன்றென்று சொல்ல இங்கு ஒன்றுமில்லை. ஆயினும் இவ்வூர் இளைஞர் சிலர் வெள்ளி இரவில் கூடாரத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மூணாற்று மலைகளுக்குப் புறப்படுகின்றனர். காட்டோரம் தங்கி, விடியலில் மலைப்பாதையில் பந்தயம் ஓடி, ஞாயிறு மாலை திரும்புகின்றனர்.

அவருள் ஒருவர் அண்மையில் நம்மை வினவினார்: "ஐயா, எனக்கு முன் ஓடுபவர் விழுந்துவிட்டால் நான் நின்றுதான் ஆகவேண்டுமா? உதவிக்குழு பின்னால் வருமே! ஆறு மாதம் செய்த பயிற்சி வீணாகாதா?"

வினா நேர்மையானது. ஆகலின் விடையும் நேர்மையாக இருத்தல் வேண்டும்.

உதவிக்குழு வரும் என்பதை முதலில் ஆராய்வோம். 2021ஆம் ஆண்டு மே 22ஆம் நாள், சனிக்கிழமை, சீன நாட்டின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலையோட்டம் ஒன்று நடந்தது. ஓடியோர் 172 பேர். நண்பகலையொட்டி ஆலங்கட்டி மழையும் கடுங்குளிரும் சூறைக்காற்றும் திடீரெனச் சூழ்ந்தன. பலர் மெல்லிய ஆடையே அணிந்திருந்தனர். குளிரங்கி கட்டாயப் பொருளாக விதிக்கப்படவில்லை. வண்டி ஏற இயலாத செங்குத்தான இடம். குழுவினர் வந்து சேருமுன் 21 பேர் மாண்டனர். அந்நாட்டின் தலைசிறந்த ஓட்டக்காரர்களும் அவருள் இருந்தனர்.

அம்மலையில் ஆறு பேரைக் காத்தவர் சூ கெமிங் என்னும் ஆட்டிடையர். குகையொன்றில் ஒதுங்கியிருந்த அவர், வாடி நின்றோரை உள்ளே அழைத்து வந்து, தீ மூட்டிச் சூடேற்றினார். அதன் பின்னரும், தாம் காக்க இயலாதோரை எண்ணி வருந்தினார்.

நம் அருகிலேயே ஒரு சான்றும் உண்டு. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, தேனி மாவட்டத்துக் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு நடந்து இறங்கியோரைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்றும் உதவிக்கு விரைந்தோருள் அம்மலை ஊர் மக்கள் இருந்தனர்.

இவற்றால் விளங்குவது என்ன? திடலில் ஒருவர் விழுந்தால் மருத்துவர் கூப்பிடு தூரத்தில் இருப்பார். காட்டிலோ, அருகில் இருப்பவரே மருத்துவர், அவரே உதவிக்குழு. அவர் கடந்து சென்றுவிட்டால், விழுந்தவருக்கு அந்நேரத்தில் உலகமே கடந்து சென்றதாகும்.

அங்ஙனமாயின், கடந்து செல்பவன் கொடியவனா? அவ்வாறு தீர்ப்புக் கூற நமக்குத் தகுதியில்லை. காரணம் கூறுவோம்.

நாம் துணியாலையில் நெய்த காலத்தில், நெய்த அளவுக்கே கூலி. ஓரிரவு, பக்கத்துத் தறிக்காரர் காய்ச்சலால் சாய்ந்து தரையில் அமர்ந்தார். நாம் கண்டோம். தறியை நிறுத்தினால் அன்றைய அளவு குறையும். 'இன்னும் சிறிது நேரம். மேஸ்திரி வந்துவிடுவார்' என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். நம் கை நிற்கவில்லை. அவரைத் தாங்கித் தண்ணீர் கொடுத்தவர், தரை பெருக்கிய ஓர் அம்மையார். அவர் பிழைத்தார். ஆனால் அந்தத் 'சிறிது நேரம்' இன்றும் நம் நெஞ்சில் நிற்கிறது.

பிற்காலத்தில் சிந்தித்தபோது ஒன்று புலனாயிற்று. அம்மையாரின் நெஞ்சம் நல்ல நெஞ்சம், ஐயமில்லை. ஆனால் அவருடைய பெருக்குதலை எவரும் கஜக்கோல் கொண்டு அளக்கவில்லை. ஆட்டிடையரும் அவ்வாறே, அவர் மணிக்கட்டில் பந்தயக் கணக்கு ஓடவில்லை. அளக்கப்படுபவன் கண்ணுக்கு அளவுகோலே பெரிதாகத் தெரியும்; பக்கத்தில் கிடக்கும் மனிதன் சிறுத்துப் போவான். கண் இருந்தும் குருடாவது இப்படித்தான்.

ஆகவே பந்தயமே தீது என்று நாம் கூறோம். உடலை வருத்திப் பழக்குவதும், சோம்பலை வெல்வதும் நல்லனவே. ஆனால், மூச்சிரைக்கும் வேளையில் 'நிற்பதா, ஓடுவதா' என்று எண்ணத் தொடங்குபவன் பெரும்பாலும் ஓடியே விடுவான். அம்முடிவை அவ்வேளைக்கு விட்டுவைத்தல் ஆகாது. சீலத்தை நாம் ஏற்பது சோதனை வந்த பிறகா? அதற்கு முன்னரன்றோ! அதுபோல, ஓடுமுன் இரவு கூடாரத்தில் அமர்ந்திருக்கும்போதே, "விழுந்தவரைக் கண்டால் நிற்பேன், வானம் மாறினால் திரும்புவேன்" என்று தோழரறிய உறுதி கொள்ள வேண்டும். வனத்துறையின் இசைவு பெறுதலும், குளிரங்கியும் ஊதலும் எடுத்துச் செல்லுதலும், நெருப்பை முற்றும் அணைத்து வருதலும் அவ்வுறுதியின் பகுதிகளே. உதவப் போகிறவன் தானும் பிறர்க்குச் சுமையாதல் கூடாது.

ஆறு மாதப் பயிற்சி வீணாகுமோ என்று கேட்ட தம்பிக்கு நம் விடை இதுவே: விழுந்தவரைச் சுமந்து இறங்கும் தோளுக்கும் காலுக்கும் வலிமை தந்தது அப்பயிற்சியன்றோ? அன்று அது வீணாகாது, பயன்படும்.

நாம் அன்று நிற்கவில்லை. நீங்கள் நிற்பீர்களாக.