உற்றவன் குரல்: நோயாளர் உரிமை குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

நோயுற்றவன் மருத்துவத்தைப் பெறுவோன் மட்டும்தானா, அன்றி அதனை வகுப்பதிலும் பங்குடையவனா என்னும் வினா அறவியலில் இன்று முதன்மை பெறுகிறது. மருந்தின் விலை, ஆய்வு, சட்டம் ஆகியவற்றில் நோயாளர் தம் கருத்தை வலியுறுத்தும் முயற்சி இங்கு ‘நோயாளர் உரிமைக் குரல்’ எனச் சுட்டப்பெறுகிறது. அக்குரலின் அறவலிமை யாது, அதன் எல்லை யாது என்பனவற்றைக் குறள் உரைமரபின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

உரைமரபு காட்டும் நோயாளன்

மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. அவற்றுள் நோயுற்றவனே முதற்கண் வைக்கப்பெறுகிறான். மருத்துவனும் மருந்தும் அதனை இயற்றுவோனும் பின்னரே எண்ணப்பெறுகின்றனர். நோயுற்றவனுக்குரியனவாகப் பொருளுடைமை, மருத்துவன்வழி நிற்றல், நோய்நிலை உணர்த்தும் வன்மை, மருந்தால் வரும் துன்பம் பொறுத்தல் ஆகிய நான்கினைப் பரிமேலழகர் கூறுவர்.

சிகிச்சை பயன்தருதற்கு வேண்டுவன இவை என்பதே உரையின் கருத்து. பொருளிலானுக்கு மருத்துவம் மறுக்கப்படலாம் என்பது அதன் கருத்தன்று. எனினும், பொருள் இல்லாதவிடத்து ஏனைய மூன்றும் பயனற்றுப் போகும் என்னும் உண்மை இதனால் பெறப்படும். நோய்நிலை உணர்த்தலோ உற்றவனுக்கே உரிய அறிவு. அதனைப் பிறர் அவனிடமிருந்தே பெறவேண்டும். நோயாளர் உரிமைக் குரல் இவ்வறிவைப் பொதுமன்றத்திற்குக் கொண்டுவந்து, பொருளின்மை என்னும் தடையை எதிர்க்கிறது எனலாம்.

ஒரு மருந்தின் வரலாறு

நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்குரிய இமாட்டினிப் என்னும் மருந்து இதற்குத் தக்க சான்றாகும். அது ஆய்வுநிலையில் இருந்த 1999இல், அதன் உற்பத்தியைப் பெருக்குமாறு நோயாளர் கையெழுத்திட்டு நோவார்ட்டிஸ் நிறுவனத்திடம் விண்ணப்பித்தனர். 2001இல் அமெரிக்காவில் அம்மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

அம்மருந்தின் ஒரு படிக வடிவத்திற்குக் காப்புரிமை கோரி அந்நிறுவனம் 1998இல் சென்னையில் விண்ணப்பித்திருந்தது. நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய் ஆனது. இந்திய நிறுவனங்கள் அதனை 10,000 ரூபாய்க்கும் குறைவாக அளிக்க இயன்றன. மும்பையைச் சார்ந்த புற்றுநோயாளர் உதவிச் சங்கமும் இந்திய மருந்து நிறுவனங்களும் விண்ணப்பத்தை எதிர்த்தன. 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் அதனை நிராகரித்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி வந்த 3(டி) பிரிவு செல்லாது என்னும் வாதத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007இல் ஏற்கவில்லை. அறிந்த பொருளின் புதுவடிவம் நோய்தீர்க்கும் ஆற்றலில் மேம்பட்டது என்பது நிறுவப்படவில்லை எனக் கண்டு, உச்சநீதிமன்றம் 2013 ஏப்ரல் 1இல் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

கொடையும் உரிமையும்

வசதியற்ற நோயாளர் பலருக்கு அந்நிறுவனம் இம்மருந்தை இலவசமாகவும் வழங்கியது. அவ்வாறாயின் வழக்கு எதற்கு என்னும் வினா எழும். கொடை போற்றத்தக்கதே. ஆயினும் யாருக்கு, எத்துணைக் காலம், எவ்வரையறையில் என்பன கொடுப்போன் முடிவுக்கு உரியன. பெறுவோன் கேட்கலாம், வலியுறுத்த இயலாது. உயிர்காக்கும் மருந்து பிறர் மனத்தைச் சார்ந்து நிற்றல் கூடாது என்பதே உரிமைக் குரலின் சாரம்.

புதுமைக்கு ஊதியம் இல்லையெனில் நாளைய நோயாளர்க்கு மருந்து ஏது என்னும் தடை வலிமையுடையதே. ஆனால் புதிய மூலக்கூற்றுக்குரிய பயனை 3(டி) பிரிவு மறுக்கவில்லை. மேம்பாடற்ற மாற்றத்திற்குக் காப்பு நீள்வதையே மறுக்கிறது. 1999ஆம் ஆண்டு விண்ணப்பம் மருந்து விரைந்து உருவாகக் கேட்டது. பின்னைய வழக்கு உருவான மருந்து எட்டும் விலையில் கிடைக்கக் கேட்டது. இரண்டும் ஒரு குரலின் இரு முகங்களே. ஒன்றை விடுத்து மற்றொன்றை மட்டும் பேசும் வாதம் குறையுடையதாம்.

குரலின் எல்லை

பிறருக்காகப் பேசுவோர் யார் பொருளால் பேசுகின்றனர் என்பது மறைக்கப்படலாகாது. மருந்து நிறுவனங்களின் நிதியால் இயங்கும் அமைப்பின் கோரிக்கை, நோயாளர் நலனா நிறுவன நலனா என்னும் ஐயத்திற்கு இடமாகும். மருந்து இயற்றுவோனுக்கு நோயாளன்பால் அன்பையும் மன மொழி மெய்களின் தூய்மையையும் பரிமேலழகர் விதிப்பர். நோயாளர் சார்பில் பேசுவோர்க்கும் அவ்விலக்கணம் பொருந்தும்.

வசதியுடையோர் நோய்க்கே குரல் மிகும் என்பதும் ஓர் இடர். எனினும் மருந்தெதிர்ப்புக் காசநோய்க்குரிய பெடாகுவிலின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. அதன் உப்பு வடிவத்திற்கான காப்புரிமையை மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேயும் எதிர்த்தனர். 2023 மார்ச்சில் அவ்விண்ணப்பம் நிராகரிக்கப்பெற்றது. இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர். பழைய மருந்துகளின் பக்கவிளைவால் செவிப்புலன் இழந்தவர். மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தவரே அத்துன்பம் பிறர்க்கு வாராமைப் பொருட்டு வாதிட்டனர் என்பது நோக்கத்தக்கது.

முடிவுரை

நோயாளர் உரிமைக் குரலின் அறவலிமை நோயைத் துய்த்தறிந்த அறிவினின்று பிறக்கிறது. தன் நோயைக் கடந்து, பேச இயலாதார் நோயையும் இனி வருவார் நோயையும் உளங்கொள்ளும்போதே அது முழுமையுறுகிறது. உற்றவனை முதற்கூறாக எண்ணிய மரபு, அவன் சொல்லையும் முதற்கண் கேட்டல் முறையாம்.