வராத பிள்ளையைத் தேடுகிறவர்கள்

யார் பெற்ற பிள்ளைகளுக்கோ கைக்காசு போட்டு விளையாட்டு சொல்லிக்கொடுக்கிறவர்களைப் பற்றி ஊரில் ஒரு பதில் தயாராக இருக்கிறது: தங்களுக்குக் கிடைக்காததைப் பிள்ளைகளை வைத்து அடையப் பார்க்கிறார்கள். சிலரிடம் அது உண்டுதான். அவர்கள் விசில் ஊதும் வேகத்திலேயே தெரிந்துவிடும். ஜெயிக்கிற பிள்ளை அமையாவிட்டால் அவர்களுக்குச் சீக்கிரம் அலுத்தும்விடும். நான் யோசிப்பது அலுக்காமல் வருகிறவர்களைப் பற்றி.

*

சாந்தி சௌந்திரராஜன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளிகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அதைப் பறித்துக்கொண்டார்கள். பிற்பாடு அவரே சூளையில் கூலிக்கு நின்றதும் உண்டு. இத்தனைக்கும் பிறகு மைதானத்துப் பக்கமே தலைகாட்டாமல் இருந்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? அவரோ புதுக்கோட்டைப் பிள்ளைகளைச் சேர்த்து ஓடப் பழக்கினார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை 2016இல்தான் வந்தது. சொல்லிக்கொடுப்பது அதற்குப் பல வருடம் முன்பே தொடங்கிவிட்டது.

எந்தப் பிள்ளை ஜெயித்தாலும் அந்த வெள்ளி திரும்பாது. அவருக்கு அது தெரியாதா? 800 மீட்டர் என்றால் இரண்டு சுற்று. முதல் சுற்றில் எவ்வளவு மூச்சை மிச்சம் வைக்க வேண்டும் என்பது காலுக்கும் நெஞ்சுக்கும் மட்டுமே தெரிந்த கணக்கு. அதை எந்தக் குழுவும் பறிக்க முடியாது. ஆனால் பக்கத்தில் ஓடிக் காட்ட ஒரு பிள்ளை இல்லையென்றால் அது உடம்போடு போய்விடும். அந்தத் தவிப்புதான் அவரைத் திரும்ப அழைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

*

தேர்ந்த ஆட்டக்காரர்கள் மட்டும் வருவதில்லையே. 1939இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ்போர்ட் ஊரில் கார்ல் ஸ்டாட்ஸ் தன் உறவுப் பையன்களுக்காக மூன்று பேஸ்பால் அணிகளைச் சேர்த்தார். லிட்டில் லீக் அப்படித்தான் பிறந்தது. இன்றும் அங்கே பயிற்சி கொடுப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத அப்பா அம்மாக்கள்தான்.

*

நம் ஊர் கபடி மைதானங்களில் 'மாஸ்டர்' எனப்படுகிறவர் வந்ததும் முதலில் பார்ப்பது, இன்றைக்கு யார் வரவில்லை என்பதை. ஏன் வரவில்லை என்பதும் பாதி அவருக்கே தெரிந்திருக்கும்: அப்பா குடித்துவிட்டு வந்திருப்பார், பஸ்ஸுக்குக் காசு இருந்திருக்காது, பெண்பிள்ளை என்றால் வயதுக்கு வந்திருப்பாள். வாத்தியாருக்குச் சம்பளம் உண்டு, பெற்றவர்களுக்குக் கடமை உண்டு. மாஸ்டர் வராமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்பது பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் சொல்லுக்கு அந்த மதிப்பு.

அந்த மதிப்புக்கு ஆசைப்படுகிறார் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். ஒரு மனிதர் ஆசைப்படத் தகுந்ததுதான் அது.

*

பத்தாம் வகுப்பு வந்ததும் பெண்பிள்ளைகளை ஆட்டத்திலிருந்து நிறுத்திவிடுகிறார்கள். மாஸ்டர் வாசலில் வந்து நிற்பார்.

"இருட்டுறதுக்குள்ள வந்துரணும் மாஸ்டர். ஊர் வாய மூட முடியாது."

"நானே கூட்டியாந்து விட்டுடுறேம்மா. நம்ம வீட்டுலயும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. அதுங்களும் ஆடுதுங்க."

பல வீடுகளில் இதற்கும் சம்மதம் கிடைப்பதில்லை. மாஸ்டர்கள் அடுத்த வாரமும் போய்க் கேட்கிறார்கள்.